சாந்தாமணி சொன்னால் சேவல்

தறிச் சத்தமும் சேவல் சத்தமும் ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கிற அந்த ஜமக்காளத் தெருவில், ஒரு குஞ்சைக் கையில் தூக்கி அது சேவலா பெட்டையா என்று சாந்தாமணி சொல்லிவிட்டால் அப்புறம் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. பேசிப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லாம் ஆறேழு மாதம் கழித்துச் சேவல் என்று நம்பி வளர்த்ததன் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள்.

அது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்தத் தெருவில் யாரும் ஒரே சாதிக் கோழியாக வளர்க்கவில்லை. கோழி அடைக்கு உட்கார்ந்தால் வீட்டு முட்டையோடு பக்கத்து வீட்டு முட்டை, எதிர்வீட்டு முட்டை, சம்பந்தி வீட்டிலிருந்து துணியில் சுற்றிக்கொண்டு வந்த முட்டை எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது அங்கே வழக்கம். உறவு விட்டுப்போகக்கூடாது என்பதற்காக அப்படி. ஆகவே வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காலியில் ஒரே தாய்க்கோழியின் பின்னால் கருப்பும் செம்பூத்தும் புள்ளி போட்டதும் கழுத்தில் மயிர் இல்லாததும் கால் குட்டையானதும் வரிசை கட்டிப் போகும். கொண்டை முந்திச் சிவந்தால் சேவல் என்பார்கள். கழுத்தில் மயிர் இல்லாத சாதியில் பெட்டைக்கும் அது முந்திக்கொண்டு சிவக்கும். கால் தடித்தால் சேவல் என்பார்கள். சண்டைக்கு விடுகிற கட்டுச்சேவல் வம்சத்துப் பெட்டைக்குக் கால் உலக்கையாக இருக்கும். பருந்தின் நிழல் விழும்போது பதுங்குவது பெட்டை, நிமிர்ந்து பார்ப்பது சேவல் என்பார்கள். ஆனால் அதைப் பார்க்கப் பருந்து வரும் வரைக்கும் யார் காத்திருப்பது? சாந்தாமணி காத்திருக்கவே மாட்டாள். குஞ்சைத் தூக்குவாள், ஒரு பார்வை பார்ப்பாள், சொல்லுவாள், கீழே விடுவாள். அவள் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் அந்தத் தெருக் குஞ்சுகள் தாமாக எப்படிச் சேவலும் பெட்டையுமாகிக்கொண்டிருந்தன என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குக் குழாய் வந்த பிறகு கிணற்றில் எப்படி இறைத்தோம் என்று யார் யோசிக்கிறார்கள்?

தன் கண்ணைப் பற்றி அவளுக்குப் பெருமை இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. தறியில் பாவு நூல் அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற அவள் புருஷன் சென்னியப்பனிடமே, உங்களுக்குக் கைதான் கண்ணு, எனக்குக் கண்ணுதான் கை என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த மனுஷனும் சிரித்துக்கொண்டே தறி நாடாவைத் தள்ளுவான்.

ஒரு ஆடிச் சாரலில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர், மிளகு, சுக்கு எதற்கும் மசியாமல் குரல் அடியோடு போய்விட்டது. கையை ஆட்டிக் காய்கறி வாங்கினாள், தரையைத் தட்டிப் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தப் பருவத்துக் குஞ்சுகளும் வளர்ந்தன, தீவனம் தின்றன, குப்பையைக் கிளறின, உயரத்தில் ஏறி உட்கார்ந்தன. ஆனால் அவற்றின் தலை தட்டையாகவே இருந்தது, ஒன்றுக்கும் கொண்டை சிவக்கவில்லை, ஒன்றும் கூவவில்லை, ஒன்றும் முட்டை இடவில்லை. தை பிறந்தபோது தெரு முழுக்கத் தாய்க்கோழி அளவுக்குப் பெருத்த குஞ்சுகள் எதுவும் ஆகாமல் உலாவிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக் கமலவேணி தன்னுடையதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சாந்தாமணி முகத்துக்கு நேரே பிடித்தாள். அன்றைக்குத்தான் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. பெட்டை என்று கரகரத்தாள். கமலவேணி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் இடுப்பிலேயே அந்தக் கோழி முட்டை இட்டு, சேலை பாழாகிவிட்டது.

ஓ, இவள் சொல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்ததா என்று தெரு சொல்லிக்கொண்டது. ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இல்லை, எல்லோருக்கும் தூக்கிக்கொண்டு வரக் கோழிகள் இருந்தன. அன்று சாயந்தரத்துக்குள் சாந்தாமணி வாசலில் கூடைகளும், கவிழ்த்து மூடுகிற கொடாப்புகளும் இடம் கொள்ளாமல் நின்றன. பார்த்துச் சொல்லுகிறவள் என்று இத்தனை நாளும் தன்னை நினைத்துக்கொண்டிருந்தவள், தான் சொல்லித்தான் அவை ஆகின்றன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அதிலும் அவளுக்குப் பெருமைதான் வந்தது, பயம் வரவில்லை.

அதன் பிறகு தெரு அதற்கு ஒரு ஒழுங்கு போட்டுக்கொண்டது. செவ்வாய்க்கிழமை கேட்கக்கூடாது. அவள் சாப்பிடும்போது கேட்கக்கூடாது. ஒரு முறை சொன்னதை மாற்றச் சொல்லக்கூடாது, ஏனென்றால் மாற்றிச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் பெட்டையே கேட்டார்கள். முட்டை வேண்டும், முட்டையிலிருந்து குஞ்சு வேண்டும், சேவல் எதற்கு, தின்றுவிட்டுத் திண்டாட்டம் பண்ணவா என்றார்கள். கருப்பராயன் கோயில் பூசாரி பொன்னுக்காளை மட்டும் வந்து, எல்லாரும் இப்படிப் பெட்டையா வாங்கிட்டா நோம்பிக்குச் சாமிக்கு எதை அறுக்கிறது, அந்தப் பெட்டைகளுக்குத்தான் குஞ்சு எங்கிருந்து பொரியும் என்று ஞாயம் கேட்டார். அதற்கப்புறம் வீட்டுக்கு ஒரு சேவல் என்று பேசி முடித்தார்கள். யார் வீட்டுச் சேவலை யார் வீட்டுப் பெட்டைக்குக் கடன் கொடுப்பது என்பதில் இரண்டு வீடுகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன, மற்றபடி எல்லாம் நன்றாகவே நடந்தது.

அந்த நல்ல நாட்களில்தான் சாம்பலி வந்தது. அது கமலவேணி கொடுத்த முட்டையில் சாந்தாமணி வீட்டுக் கோழியே பொரித்த குஞ்சு. நிறம் அடுப்புச் சாம்பல், கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் கருப்பு. ஒரு நாள் பொடக்காலியில் பருந்தின் நிழல் தரையில் ஓடியது. மற்றதெல்லாம் துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்துகொள்ள, சாம்பலி மட்டும் கழுத்தை நீட்டி நட்டுக்குத்தலாக நின்று வானத்தைப் பார்த்தது. சாந்தாமணி அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் குஞ்சு என்னவாக ஆசைப்படுகிறது என்று அவளுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துபோனது. ஆனால் அந்த வீட்டுக்குரிய சேவல் ஏற்கெனவே இருந்தது. மாமியார் பாவாத்தாளோ, இதையும் பெட்டைன்னு சொல்லீரு கண்ணு, தெனம் ஒரு முட்டை கூட வரும் என்று சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். சாந்தாமணியும் ரொம்ப யோசிக்கவில்லை. பெட்டை என்றாள்.

சாம்பலி முட்டை இட்டது. நல்ல பெரிய முட்டையாகவே இட்டது. ஆனால் கிழக்கு வெளுக்கும்போதெல்லாம் துவைக்கிற கல்லின்மேல் ஏறி, கால்களை அகட்டி, நெஞ்சை உயர்த்தி, கழுத்தை முடிந்தமட்டும் நீட்டி, அலகைத் திறக்கும். சத்தம் வராது. கொஞ்ச நேரம் திறந்தபடியே நிற்கும், பிறகு மூடிக்கொண்டு இறங்கிப் போய்க் குப்பையைக் கிளறும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கமலவேணி பூண்டு நசுக்கிக் கொடுத்தாள். வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விடலாம் என்று பூசாரி சொன்னார். தினமும் பல் விளக்கப் பொடக்காலிக்கு வருகிற சாந்தாமணி அந்த நேரத்தில் மட்டும் வருவதை நிறுத்திக்கொண்டாள். அந்தத் திறந்த அலகைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு நாள் தள்ளிப்போனது அப்போதுதான்.

தெருவே சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள்ளேயே அடுத்த பேச்சும் வந்துவிட்டது, சொல்லப்போகிறவள் வயிற்றிலேயே பிள்ளை இருக்கும்போது அவள் எதைச் சொல்லுவாள் என்று. பாவாத்தாளுக்கு அதில் சந்தேகமே இல்லை. பேரன்தான். சென்னியப்பனுக்கு அப்புறம் தறியில் யார் உட்காருவது? கமலவேணியோ பெண் வேண்டும் என்றாள். அவளுக்கு மூன்று பையன்கள். அந்தப் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பேச்சு புரியாத ஊரில் பெண் எடுத்து வருகிற காலம் அது. தெருவில் ஒரு பெண் பிறந்தால் இன்னொரு வீட்டுக்கு ஆகுமே என்று அவள் சொன்னதை எல்லோரும் தலையாட்டி ஒத்துக்கொண்டார்கள். கோழியில் எல்லோரும் பெட்டை கேட்டார்கள். பிள்ளையில் எல்லோரும் அடுத்த வீட்டுக்குப் பெண்ணும் தன் வீட்டுக்குப் பையனும் கேட்டார்கள். இதில் என்ன தப்பு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

முன்பே வேறு வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வந்து அவளைக் கேட்டதுண்டு. எனக்குக் கோழி பாஷைதான் வரும் என்று சிரித்து அனுப்பிவிடுவாள். அவர்களுக்கு எல்லாம் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் பிறந்தன. அதைத்தான் இப்போதும் மாமியாரிடம் எடுத்துச் சொன்னாள். பாவாத்தாள் மசியவில்லை. மருமகளை வெறுக்கிற மாமியார் இல்லை அவள். வாய்க்கு ருசியாக அரைத்துப் போடுகிறவள், கால் வீங்கினால் பிடித்துவிடுகிறவள். அதனாலேயே அவளை எடுத்தெறிந்து பேச சாந்தாமணியால் முடியவில்லை.

ஏழாம் மாதம் கட்டுச்சோற்று விருந்து நடந்தது. தெருப் பெண்கள் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் கிளறிக்கொண்டு வந்து, அவளை மணையில் உட்கார வைத்து, கை நிறைய வளையல் போட்டார்கள். வளையல் ஒவ்வொன்றும் ஏறும்போது ஒரு காது பக்கத்தில் வந்தது, ஒரு வேண்டுகோள் வந்தது. கடைசியாகப் பாவாத்தாள் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"ஏங் கண்ணு, ஊருச் சனத்துக்கெல்லாம் சொன்னே. என்ற வூட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"

"சொல்லீருவேனுங்க அத்தை. சொன்னா அப்பிடியே ஆயிரும். அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது. பொறவு அது நான் சொன்ன கொழந்தையாத்தான் இருக்கும், அது அதுவா இருக்காதுங்க."

"மத்தவங்க வயித்துல இருக்கறது உன்ற வாயைப் பாக்கறதில்ல. இது உன்ற வயித்துக்குள்ளயே இருந்து கேட்டுட்டு இருக்குது. நீ ஒண்ணுஞ் சொல்லாம வுட்டா, அந்தக் குஞ்சுக நின்னுதே, அந்தாட்டம் ஒண்ணுமாகாம நின்னுபோயிராதா?"

பாவாத்தாள் கேட்டது நியாயம். தட்டைத் தலையோடு தை மாதத்தில் திரிந்த அந்தக் குஞ்சுகளைச் சாந்தாமணியும்தான் பார்த்திருந்தாள். சொன்னால் சாம்பலி மாதிரி ஆகிவிடும், சொல்லாவிட்டால் அந்தக் குஞ்சுகள் மாதிரி ஆகிவிடும் என்று அவள் பயந்தாள். பயந்ததை வெளியே காட்டாமல், வளையல் குலுங்க எழுந்து நின்று, இனிமேல் கோழிக்கும் சொல்லப்போவதில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். குஞ்சுகள் தாமாக எதுவும் ஆகின்றனவா என்று பார்க்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

தெரு அதையும் ஏற்றுக்கொண்டது. கூடைகள் வருவது நின்றது. அவள் அதுவரை சொல்லியிராத குஞ்சுகள் வளர்ந்து பெருத்துத் தட்டைத் தலையோடு திரிந்தன. கமலவேணி காலையில் ஒவ்வொன்றையும் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒண்ணுங் காணோம் என்று சுவருக்கு மேலாகச் சொல்லுவாள். கருப்பராயன் கோயில் திருவிழாவான நோம்பி நெருங்கியது. வீட்டுக்கு இருக்கிற ஒற்றைச் சேவலையும் அறுத்துவிட முடியுமா, நேர்ந்துவிட்ட சேவல்களுக்கு எங்கே போவது என்று கேட்டவர்களிடம், சாமி இத்தனை வருசம் பொறுத்தவரு, ஒரு நோம்பி பொறுக்கமாட்டாரா, தேங்காய் உடைச்சுக்கலாம் என்று பொன்னுக்காளை சமாதானம் சொன்னார். கோழிகளைத் தெரு பொறுத்துக்கொண்டது. வயிற்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. அவள் நடந்து போனால் பேச்சு நின்றது, எல்லோர் கண்ணும் அவள் இடுப்புக்குப் போய்விட்டு வாய்க்கு வந்தது.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு பகல், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவளுக்குத் தைரியம் விட்டுப்போனது. பொடக்காலியில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி எதுவும் ஆகாத கோழிகள் நின்று, வாயையே பார்த்தன. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டு உதைத்தது. நீ மட்டும் இப்படி நின்றுபோய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அழுகை வந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, பையன் என்றாவது பெண் என்றாவது ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். எதிரே துவைக்கிற கல்லின்மேல் சாம்பலி உட்கார்ந்திருந்தது. பகல் நேரம், கூவுகிற நேரமே இல்லை. ஆனாலும் அவள் வாயைத் திறந்ததைப் பார்த்து அதுவும் எழுந்து நின்று அலகைத் திறந்தது. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் மூடிக்கொண்டவள் சாந்தாமணிதான்.

"உனக்குச் சொன்னது தப்புத்தான்," என்றாள் சாம்பலியிடம். "நீ என்னமோ, அதாவே இரு. என்ற பேச்சைக் கேக்காதே."

சாம்பலி அலகை மூடிக்கொண்டு, கல்லிலிருந்து இறங்கி, அவள் காலடியில் கிடந்த சோற்றுப் பருக்கையைக் கொத்தியது. அதற்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து அது முட்டை இடுவதை நிறுத்திவிட்டது. வயசாகிவிட்டது, குழம்புக்குத்தான் லாயக்கு என்று பாவாத்தாள் சொன்னபோது, இந்த வீட்டில் அதன்மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று சாந்தாமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பயம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் பயந்துகொண்டே இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, அது போதும் என்றிருந்தது.

நோம்பிக்கு முந்தின நாள் வலி எடுத்தது. அரசாங்கப் பிரசவ விடுதி அந்தத் தெருவின் முதுகிலேயே இருந்தது. விடுதியின் பின்சுவரும் கமலவேணி வீட்டுப் பொடக்காலிச் சுவரும் ஒரே சுவர். கைத்தாங்கலாக நடந்தே கூட்டிப்போனார்கள். பெண்கள் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் வேப்பமரத்தடியில் நின்று, எதையாவது செய்தாக வேண்டும் என்பதற்காக மடியிலிருந்த நூலை முடிச்சுப் போடுவதும் பிரிப்பதுமாக இருந்தான். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையைத் தாய்க்குத் தூக்கிக் காட்டி, என்ன குழந்தை என்று தாயின் வாயாலேயே சொல்லச் சொல்லுவார்கள். மாறிப்போய்விட்டது, மாற்றிவிட்டார்கள் என்று பின்னால் யாரும் வந்து நிற்கக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. நர்ஸம்மா லில்லிபாய் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, சாந்தாமணியின் வாயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். என்னவோ சரியாகத் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், வெளிச்சம் பற்றவில்லை என்று முணுமுணுத்தார். பிறகு எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிறபடி கேட்டார்.

"என்ன பிள்ளைன்னு பாத்துச் சொல்லும்மா. நீங்கதான் சொல்லணும்."

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கதவில் காதை வைத்தார்கள். அங்கே பாவாத்தாள் இருந்தாள், கமலவேணி இருந்தாள், இத்தனை மாதமும் வளையலும் சோறும் வேண்டுகோளுமாக வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பிள்ளை இன்னும் அழவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சாந்தாமணி கீழே பார்க்கவில்லை. அந்த வாயைத்தான் பார்த்தாள். ஆயிரம் குஞ்சுகளைப் பார்த்த கண்ணுக்கு அதில் ஒன்றே ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"பசியா இருக்குதுங்க," என்றாள். "குடுங்க இங்க."

"அதில்லம்மா, ஆணா பெண்ணான்னு—"

"அதை அதுவே சொல்லும். நீங்க குடுங்க."

லில்லிபாய் எத்தனையோ தாய்மாரைப் பார்த்தவர், வலியில் என்னென்னவோ சொல்லுவார்கள் என்று அறிந்தவர். தலையை ஆட்டிக்கொண்டு பிள்ளையைக் கொண்டுவந்து நெஞ்சில் வைத்தார். அந்த நேரம் பின்சுவருக்கு அப்பால் ஒரு சேவல் கூவியது. அது பழகிய கூவல் இல்லை. நடுவில் உடைந்தது, மூச்சு வாங்கியது, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்து மேலே ஏறியது. தெருவில் இருந்த சேவல்களின் குரல் எல்லாம் சாந்தாமணிக்கு அத்துப்படி. இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை, ஆனால் யாருடையது என்று தெரிந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று கூவியது, பிறகு கமலவேணி வீட்டில் ஒன்று, எதிர்வரிசையில் ஒன்று; இடையிடையே முட்டை இட்ட பெட்டைகள் கொக்கரித்தன. யாரும் எதுவும் சொல்லாமலே தெரு முழுக்கக் கோழிகள் தாமாக ஆகிக்கொண்டிருந்தன. நெஞ்சில் கிடந்த பிள்ளைக்கும் அது கேட்டதோ என்னவோ, வீறிட்டு அழுதது.

அழுகிற பிள்ளையின்மேல் துணியைப் போர்த்தக் குனிந்த லில்லிபாய், அட என்று சிரித்து, இப்போது தெளிவாகத் தெரிந்ததைச் சத்தமாகச் சொன்னார். வெளியே பாவாத்தாள் காதில் ஒன்று விழுந்தது, கமலவேணி காதில் வேறொன்று விழுந்தது. கூவுகிற சத்தத்தில் சாந்தாமணி காதில் அது விழவில்லை. மறுபடி சொல்லச் சொல்லி அவளும் கேட்கவில்லை, பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.